மேரி ஸ்லெசரின் தூளிகள் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

போன ஞாயிறு எங்கள் கோயிலில் ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்யும் ஒருவர் வந்து பேசினார். உகாண்டாவில் அவர் நடத்தும் அநாதை இல்லத்துப் பிள்ளைகளைத் திரையில் காட்டி, ஆளுக்கொரு பிள்ளையை மாதாமாதம் தாங்குங்கள் என்றார். நடுவில் மேரி ஸ்லெசர் கதை. நைஜீரியாவில் இரட்டைக் குழந்தைகளைக் கொன்றார்களாம், அந்த அம்மாள் காப்பாற்றினாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால் என் மைத்துனர், "எல்லாம் ஆள்பிடிக்கிற கதை, பெற்ற பிள்ளையை எவனாவது கொல்வானா?" என்கிறார். எது உண்மை? பணம் அனுப்பலாமா?

(பெயர் வேண்டாம்)
நாசரேத்

அன்புள்ள தம்பிக்கு,

கொன்றார்கள். மைத்துனரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில் கலபார் இருக்கிறது. அங்குள்ள எஃபிக் மக்களிடமும் சுற்றுவட்டாரத்திலும் அந்தக் காலத்தில் இரட்டைப் பிறப்பு என்றால் பெரும் பயம். இரண்டில் ஒன்று பேய்க்குப் பிறந்தது, எது என்று தெரியாது, ஆகவே இரண்டும் போகட்டும் என்பது கணக்கு. மண்பானையில் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். தாயையும் ஊரைவிட்டு விரட்டிவிடுவார்கள். கலபார் தலைவர்கள் 1878 இல் பிரிட்டிஷ் கான்சலோடு (அரசுப் பிரதிநிதியோடு) செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இதை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். இல்லாத வழக்கத்தை நிறுத்த யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஆனால் பேச்சாளர் "ஆப்பிரிக்காவில் இப்படித்தான்" என்று சொல்லியிருந்தால் அது தப்பு. அதே நைஜீரியாவின் மேற்கே யொருபா மக்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் செல்வம். முதலில் வந்தது தாய்வோ, அடுத்தது கெஹிண்டே என்று பெயர்கூடத் தயாராக இருக்கும். ஒன்று இறந்துபோனால் மரத்தில் சின்னப் பொம்மை செதுக்கி, அதைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்ப்பார்கள்.

இனி ஸ்லெசர். 1848 இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர், குடிகாரர். டண்டி நகரத்து நெசவாலையில் பதினொரு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். பாதி நாள் தறி, பாதி நாள் ஆலைப் பள்ளிக்கூடம். 1876 இல் மிஷனரியாகக் கலபாருக்குப் போனார். மற்ற மிஷனரிகள் தொப்பியும் பூட்சுமாக ஆற்றங்கரை பங்களாவில் இருக்க, இவர் செருப்பில்லாமல் நடந்து, ஊர்க்காரர் சாப்பிடுவதையே சாப்பிட்டு, எஃபிக் மொழியை அந்த ஊர்ப் பெண்ணைப் போலவே பேசினார். ஜனங்கள் "மா" என்று கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் தலைவன் என்றும் பாராமல் கை நீட்டிவிடுவாராம். அவரைப் புனிதையாக்கிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆள்பிடிப்பு என்கிறாரே மைத்துனர், அவருக்கு ஒரு கணக்கு. ஸ்லெசர் உள்காட்டில் ஒகோயோங் மக்களிடம் போனது 1888 இல். அங்கே சபை என்று ஒன்று முறையாக அமைந்து முதல் திருவிருந்து (நற்கருணை) நடந்தது 1903 இல். பதினைந்து வருஷம், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஆள்பிடிக்க வந்தவர் என்றால் படுமோசமான ஆள்பிடிப்பாளர். மதம் மாற்றும் ஆசை அவருக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை, நிறையவே இருந்தது. ஆனால் அந்த வருஷங்களில் அவருடைய பொழுதில் பெரும்பகுதி போனது வழக்குத் தீர்ப்பதிலும், சண்டை விலக்குவதிலும், பிள்ளைகளுக்குப் பால் புகட்டுவதிலும்தான்.

அந்தப் பிள்ளைகளை அவர் எங்கே வைத்திருந்தார் தெரியுமா? தன் மண்வீட்டில், தன் படுக்கையைச் சுற்றி. தூளி தூளியாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. ராத்திரி எது அழுகிறதோ அதன் கயிற்றைப் படுத்தபடியே இழுத்து ஆட்டுவாராம். ஜேனி என்று அவர் பெயரிட்ட பெண் இரட்டையரில் பிழைத்தவள். 1883 இல் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனபோது அவளையும் ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப் போனார். 1915 இல் அவர் சாகும்போது பக்கத்தில் இருந்ததும் இந்த வளர்ப்புப் பெண்கள்தான். முடிந்த இடத்தில் அப்பனோடு மல்லுக்கட்டிப் பிள்ளையைப் பெற்ற வீட்டிலேயே விட்டுவந்தார். விரட்டப்பட்ட தாய்களுக்கும் இடம் கொடுத்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் இங்கிருந்துதான் வருவேன். "அநாதை" என்று கேட்டதும் நமக்கு அப்பாவும் அம்மாவும் இல்லாத பிள்ளை ஞாபகம் வருகிறது. யூனிசெஃப் கணக்கில் பெற்றோரில் ஒருவர் போனாலே அநாதைதான். உகாண்டாவில் எய்ட்ஸ் ஒரு தலைமுறையையே கொண்டுபோனபோது பிள்ளைகளை வளர்த்தது பெரும்பாலும் பாட்டிமார்களும் சித்திமார்களும். இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஆள் உண்டு. பீஸ் கட்ட வழியில்லை, மூன்று வேளைச் சோறில்லை என்று கொண்டுவந்து விடுகிறார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியமே கிடையாது. எங்கள் ஊர் போர்டிங் பிள்ளைகளை வெளிநாட்டு விருந்தாளிகளிடம் "அநாதைகள்" என்று அறிமுகப்படுத்துவார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், அந்த அநாதைகளின் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் அம்மாக்கள் முன்னால் நடந்துகொண்டிருப்பார்கள். என் வகுப்புப் பையன் ஒருவனும் அதில் உண்டு. பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

2007 இல் சாட் நாட்டில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு அமைப்பு 103 பிள்ளைகளைப் பக்கத்து சூடானின் டார்ஃபூர் பகுதி அநாதைகள் என்று விமானத்தில் ஏற்றப் பார்த்துப் பிடிபட்டது. விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள், அநேகர் சாட் நாட்டுப் பிள்ளைகள். அது மிஷன் அல்ல. ஆனால் காப்பாற்றியே தீருவேன் என்கிற வேகத்துக்கு மதம் தேவையில்லை. ருவாண்டா அரசு 2012 முதல் இல்லங்களை ஒவ்வொன்றாக மூடி, பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கோ வளர்ப்பு வீட்டுக்கோ அனுப்பத் தொடங்கியது.

சரி, பணம். அனுப்பாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஊழியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் தாங்கப்போகும் பிள்ளைக்குப் பாட்டி இருக்கிறாளா? கடைசியாக எப்போது வீட்டுக்குப் போய்வந்தது? இதே காசைப் பாட்டி கையில் கொடுத்து, பள்ளிக்கூடத்துப் பீஸையும் கட்டினால் பிள்ளை வீட்டிலேயே இருக்க முடியுமா? உண்மையான ஊழியர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார். அப்படி வந்தால் தாராளமாக அனுப்புங்கள், அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். பதிலுக்கு இன்னொரு படம்தான் வருகிறது என்றால் காசு உங்களிடமே இருக்கட்டும்.