உப்புக் காற்றில் வறளும் தோலுக்கு எலுமிச்சை எண்ணெய் பூசலாமா?

பாம்பனில் கருவாடு காயவைக்கும் தங்கள் தாயாரின் முகம் வறள்வதால், எலுமிச்சை நறுமண எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து காலையில் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் அந்த எண்ணெயில் உள்ள ஃபியூரோகூமரின்கள் என்னும் வேதிப்பொருள்கள், வெயில் பட்டதும் தோலைக் கொப்புளிக்கச் செய்து, மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளை விட்டுச் செல்லக்கூடும். நிழலற்ற கடற்கரையில் நாள் முழுதும் நிற்பவருக்கு இது சிறிய ஆபத்தன்று.

வறட்சியைத் தணிப்பது உண்மையில் தேங்காய் எண்ணெய்தான். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, ஈரம் காயுமுன் அதை மட்டும் தடவினாலே பெரும்பாலும் போதும். மணமும் வேண்டுமென்றால், 30 மி.லி. தேங்காய் எண்ணெயில் 6 துளி லாவெண்டர் எண்ணெய், அதாவது ஏறத்தாழ 1 சதவீதம், கலந்து, முழங்கையின் உட்புறத்தில் தடவி 24 மணி நேரம் அரிப்போ சிவப்போ இல்லை என்று உறுதி செய்தபின் இரவில் பூசட்டும்.