வெயில் காலத்தில் கூறையும் தாலிக்கொடியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஆவணியில் எனக்குக் கலியாணம். முகூர்த்தம் பதினொன்றரைக்கு. மண்டபத்தில் ஏசி இல்லை. தாலி கட்டும்போது உடுக்கும் கூறைச் சேலை என்றால் ஜரிகை நிறைந்த கனமான காஞ்சிபுரம்தான் என்கிறார் அம்மா. மாப்பிள்ளை வீட்டில் 11 பவுணில் தாலிக்கொடி. அதற்கு மேல் அட்டியல், பதக்கச் சங்கிலி, ஒட்டியாணம், காப்புகள். எதைக் குறைக்கலாம்?
கோண்டாவில் வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் வாழ்த்து. ஆவணி வெயிலைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வருடத்தில் இரண்டு தடவை சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே வரும். ஒன்று சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, மற்றது ஓகஸ்ட் கடைசியில். அந்த இரண்டாவதுக்குக் கிட்டத்தான் உங்கள் முகூர்த்தம் வருகிறது. மணவறையில் ஓமம் வேறு எரியும்.

கூறையை விடச் சொல்ல மாட்டேன், பழைய முறையில் எடுக்கச் சொல்வேன். மயிலாடுதுறைப் பக்கம் கூறைநாட்டில் நெய்த கூறைச் சேலை, பட்டு நூலும் பருத்தி நூலும் கலந்த கட்டம் போட்ட சேலை. வெயில் ஊரில் நெய்து வெயில் ஊரில் உடுத்தியது. உடல் முழுக்க ஜரிகை ஓட வேண்டும் என்று எந்தச் சடங்கும் கேட்பதில்லை. அசல் ஜரிகை என்பது பொன்முலாம் பூசிய வெள்ளிச் சரடு. அது கூடக்கூடச் சேலையின் பாரமும் கூடும். கரையிலும் தலைப்பிலும் நல்ல ஜரிகை, உடலில் சின்னப் புட்டா, நிறம் நல்ல அரக்குச் சிவப்பு. அம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு சேலையையும் அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். பாரத்தைக் கை சொல்லிவிடும்.

நான் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிறவள். அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேலையை விட அதிகமாகச் சுடுவது சட்டையின் உள்துணி. பட்டுச் சட்டைக்குள் பளபளவென்று ஒரு லைனிங் வைத்துத் தைத்து விடுகிறார்கள், அது பெரும்பாலும் பொலியெஸ்ரர். பருத்தி தன் எடையில் சுமார் 8 வீதம் ஈரத்தை உள்ளே வாங்கி வைக்கும். பொலியெஸ்ரர் அரை வீதத்தைக்கூட எட்டாது. வியர்வை துணிக்குள் போகாமல் முதுகிலேயே நிற்கும். துணி கொடுக்கும்போதே பருத்தி லைனிங் என்று சொல்லுங்கள், அதை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுங்கள், பிறகு சுருங்காது. கக்கத்தில் உள்பக்கமாக இரண்டு பருத்தித் துண்டுகளைப் பிறை வடிவில் வெட்டி இழையோட்டி வைத்தால் பட்டில் வியர்வைக் கறை படியாது. உள்பாவாடையும் சாட்டின் வேண்டாம், பொப்ளின் போதும்.

கடைக்காரர் பருத்தி என்று சொன்னதில் சந்தேகமா? ஓரத்தில் ஒரு நூலை இழுத்து நெருப்புக்குச்சியில் பிடியுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் தூளாகும் சாம்பலைத் தரும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு, ஆறியதும் நகத்தால் உடைக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும்.

நகைக்கு வருவோம். தாலிக்கொடியைக் குறைக்கச் சொல்லி நான் எழுதினால் இரண்டு வீட்டிலும் சண்டை வரும். அது இருக்கட்டும். 11 பவுண் என்றால் 88 கிராம், அதைக் கழுத்து தாங்கும். ஆனால் கலியாணத்துக்கு முன்பே பத்தரிடம் கொழுக்கியையும் மூட்டுகளையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வியர்த்த கழுத்தில் ஒரு சின்னப் பிசிறு போதும், பின்னேரத்துக்குள் தோல் சிவந்துவிடும். கொடி ஏறப்போகிற கழுத்துக்கு அட்டியல் ஒன்று போதும், பதக்கச் சங்கிலியை வரவேற்புக்கு வையுங்கள். ஒட்டியாணத்தைப் படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் கட்டுங்கள். இடுப்பில் அதுதான் காற்றை அடைக்கும்.

இன்னொரு வசதி எங்கள் முறையிலேயே இருக்கிறது. மணவறைக்கு ஒரு சேலையோடு வருகிறீர்கள், கூறை கொடுத்த பிறகு உள்ளே போய் மாற்றுகிறீர்கள். இரண்டு சேலைக்கும் தனித்தனிச் சட்டை தையுங்கள். மாற்றப் போகும்போது பருத்தித் துவாயால் உடம்பை ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் இருந்துவிட்டு உடுத்துங்கள். வெளியே எல்லாரும் அவசரப்படுத்துவார்கள். படுத்தட்டும். தோழிப்பெண்ணிடம் முதலே சொல்லி வையுங்கள்.

கேள்வி: வருடப்பிறப்புக்குப் பஞ்சாங்கத்தில் சொன்ன நிறத்தில் பட்டுத்தான் உடுக்க வேண்டுமா? வெயிலில் கோயிலுக்குப் போய் வருவதற்குள் மயக்கம் வருகிறது.
சாவகச்சேரி வாசகி

பதில்: பஞ்சாங்கத்தை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். நிறத்தைச் சொல்லும் இடத்திலேயே, அந்த நிறத்தில் கரை அமைந்தாலும் போதும் என்ற வசதி பல வருடங்களில் இருக்கும். சிவப்பு என்றால் வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட நூல் சேலை எடுங்கள். மருதமுனைக் கைத்தறியில் அப்படி நல்ல சேலைகள் வருகின்றன, வெயிலுக்கு அதைப்போல் சுகம் வேறில்லை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வேறு வேறு நிறம் சொன்னால் உங்கள் வீட்டில் பார்க்கிறதை எடுங்கள்.

ஆபரணத்துக்குப் பவளம், முத்து என்று சொல்லியிருந்தால் ஒரு சின்ன மோதிரம் போதும். கழற்றியதும் ஈரத் துணியால் வியர்வையைத் துடைத்து வையுங்கள். இரண்டும் சுண்ணாம்பால் ஆனவை, புளிப்புப் பட்டால் அரிக்கும். தேசிக்காய் போட்டுத் துலக்கவே கூடாது.

கேள்வி: கவரிங் சங்கிலி போட்டால் கழுத்தைச் சுற்றிச் சொறிகிறது. அம்மா வேர்க்குரு என்கிறார். பரதநாட்டியம் ஆடுகிறேன், கழற்ற முடியாது.
மானிப்பாய் வாசகி

பதில்: பிள்ளை, கண்ணாடி முன் நின்று பாருங்கள். வேர்க்குரு துணி மூடிய இடம், மடிப்பு என்று பரவலாக வரும். உங்களுடையது சங்கிலி போகிற கோட்டிலேயே வந்து, பதக்கம் தொடும் இடத்தில் அந்த வடிவத்திலேயே சிவந்திருந்தால் பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. மலிவு நகைகளின் முலாமுக்கு அடியில் நிக்கல் இருப்பதுண்டு. வியர்வை அதைக் கரைத்துத் தோலில் சேர்க்கும். மணிக்கூட்டுப் பட்டியின் கொழுக்கி, ஜீன்ஸ் பொத்தான் படும் இடங்களிலும் சொறிகிறதா என்று கவனியுங்கள். இந்த ஒவ்வாமை ஒரு தடவை பிடித்தால் பொதுவாக விடாது, அதனால் பழகிவிடும் என்று இருக்க வேண்டாம், தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நிறமில்லாத நகப்பூச்சை உள்பக்கம் பூசச் சொல்வார்கள். ஒரு உருப்படி ஆடுவதற்குள் வியர்வையில் உரிந்துவிடும். ஆட்ட நகைகளின் பின்பக்கத்துக்கு மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்துவிடுங்கள், மேடையில் தெரியாது. காது மட்டும் புண்ணாகிறதென்றால் முழுத்தோடும் மாற்றத் தேவையில்லை. காதுக்குள் போகும் தண்டையும் பின்னால் பூட்டும் சுரையையும் மட்டும் 22 கரட் தங்கத்தில் மாற்றித்தர யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் பத்தர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: வெயிலில் கறுப்புப் பஞ்சாபி போடலாமா?
நெல்லியடி வாசகி

பதில்: பின்னேரம் போடலாம். மத்தியானம் சைக்கிளில் போகிறவர் என்றால் வேண்டாம். நிறத்தை விட இறுக்கம் பெரிய தொல்லை. கக்கத்தில் இரண்டு விரல் அளவு தளர்த்தித் தையுங்கள்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்குத் தினமும் வேட்டியோடு போகிறேன். எவ்வளவு தோய்த்தாலும் வெள்ளை பழுப்பாகிறது. பொலியெஸ்ரர் கலந்த வேட்டிக்கு மாறலாமா?
திருநெல்வேலி வாசகர்

பதில்: மாற வேண்டாம் தம்பி. மேலுக்குச் சட்டையில்லாமல் வெயிலில் நிற்கிறீர்கள், கீழேயாவது காற்றுப் போகட்டும். குற்றம் வேட்டியில் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்து வருகிறது, சவர்க்காரம் அதில் நுரைக்காமல் சாம்பல் நிறப் படிவாகத் துணியில் ஒட்டும். சவர்க்காரத்தைக் கூட்டினால் படிவுதான் கூடும். கடைசியாக அலசும் வாளியில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டுப் பத்து நிமிடம் ஊறவையுங்கள், படிவு கழன்றுவிடும். வினாகிரியை வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) கலந்த தண்ணீரோடு மட்டும் சேர்க்காதீர்கள், நச்சுக் காற்று வரும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நீலத்தை ஒரு சொட்டுக்கு மேல் போகாமல் போடுங்கள். கஞ்சியும் தண்ணீராகவே இருக்கட்டும். தடித்த கஞ்சி நூலுக்கிடையில் உள்ள கண்ணை அடைத்துவிடும்.