இசைக் கேள்வி – பதில்: ரசிகர்கள் முன்னிலையில் பதிவாகும் ‘மெசையா’

கேள்வி: எங்கள் வட்டாரப் பாடகர் குழுவில் 45 பேர். சிறிய பரோக் (17–18ஆம் நூற்றாண்டுப் பாணி) ஆர்க்கெஸ்ட்ரா, தனிப்பாடகர் நால்வரோடு ஹாண்டெலின் ‘மெசையா’ என்ற கிறிஸ்தவ இசைப் படைப்பை ஒரு கல் தேவாலயத்தில் பாடி, நேரடியாகவே பதிவு செய்ய இருக்கிறோம். இரண்டே மைக் போதும் என்கிறார் ஒருவர், இருபது வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: ஆட்களை நகர்த்தி நிறுத்த நேரம் இருந்தால் இரண்டே மைக்கில் அருமையான பதிவு கிடைக்கும். நிகழ்ச்சி நடக்கும்போது யாரையும் நகர்த்த முடியாது. அதனால் பத்து, பன்னிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இருபது வைத்தால் கலக்கும்போது (மிக்ஸிங்) உங்கள் தலைதான் சுற்றும்.

ஒலியின் உடம்பு முதன்மை மைக் ஜோடியில்தான் இருக்கிறது. நடத்துநருக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர், தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் தொடங்கிப் பாருங்கள். ஓ.ஆர்.டி.எஃப். என்ற ஸ்டீரியோ முறை என்றால் இரண்டு கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும்) மைக்குகள், இடைவெளி 17 செ.மீ., கோணம் 110 டிகிரி. பாடகர் குழுவுக்கு நான்கு மைக் போதும். முதல் வரிசைக்கு இரண்டு மீட்டர் முன்னால், மூன்று மீட்டர் உயரத்தில் வைத்து, கடைசி வரிசையின் வாயை நோக்கித் திருப்புங்கள். முதல் வரிசையை நோக்கித் திருப்பினால் குழு கேட்காது, முன்னால் நிற்கும் நான்கு சோப்ரானோக்கள்தான் (உயர்ந்த பெண் குரல்கள்) கேட்பார்கள். தனிப்பாடகர்களுக்கு இரண்டு, ஹார்ப்சிகார்டுக்கும் (கம்பிகளை மீட்டி ஒலிக்கும் கீபோர்டு வாத்தியம்) சிறு ஆர்கனுக்கும் ஒன்று, செல்லோவுக்கும் டபுள் பேஸுக்கும் ஒன்று, அரங்கின் எதிரொலிக்கு ஒரு ஜோடி.

பலர் தவறவிடுவது தாமதக் கணக்கு. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லி விநாடி ஆகும். குழு முதன்மை ஜோடியிலிருந்து எட்டு மீட்டரிலும், தன் மைக்கிலிருந்து இரண்டு மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் ஆறு மீட்டர், அதாவது 17 மில்லி விநாடி. கலக்கும்போது குழு மைக்குகளை அந்த அளவு பின்தள்ளாவிட்டால், பின்னால் நிற்கும் குழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் வந்து நிற்பதுபோல் ஒலிக்கும், மெய்யெழுத்துகளும் இரட்டிக்கும்.

ஒலியளவை ஒத்திகையில் ‘ஹல்லெலூயா’வையும் கடைசி ‘ஆமென்’ கோரஸையும் முழுக் குரலில் பாடவைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலை (கருவி தாங்கும் எல்லை பூஜ்யம்) தாண்டாதபடி வையுங்கள். ஆட்கள் எதிரில் உட்கார்ந்தால் எந்தக் குழுவும் ஒத்திகையைவிடச் சத்தமாகத்தான் பாடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் மணிக்குச் சுமார் 520 எம்.பி. பிடிக்கும், 12 டிராக், இரண்டரை மணி நேரம் என்றால் 16 ஜி.பி.யை நெருங்கும். இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் பதியுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, மைக்குக்கு அப்பாற்பட்டது. 1754-இல் லண்டன் ஃபவுண்ட்லிங் மருத்துவமனையில் ‘மெசையா’ நடந்தபோது எழுதிய செலவுக் கணக்கின்படி வாத்தியக்காரர்கள் 38 பேர். பாடியவர்கள் இருபது பேர் அளவில்தான். உங்களிடம் கணக்கு தலைகீழ். 45 பேரும் ஒரே அழுத்தத்தில் பாடினால் வயலின்கள் மூழ்கும். மைக் அதைக் காப்பாற்றாது. வேகமான கோரஸ்களில் ஓடும் சுரங்களைப் பாதிக் குழுவே பாடட்டும்.

கேள்வி: மதிய ஒத்திகையையும் பதிந்து, இரவில் நேர்ந்த பிழைகளுக்கு அதிலிருந்து வெட்டி ஒட்டினோம். ஒட்டிய இடம் எல்லாம் பல்லிளிக்கிறது. சுருதியே மாறியிருக்கிறது. ஏன்?

பதில்: அரங்கு சூடானதுதான் காரணம். ஆர்கன் குழாய்க்குள் காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும்: ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). மதியத்தைவிட இரவில் ஐந்து டிகிரி கூடினால் 15 சென்ட். 415 ஹெர்ட்ஸில் (பரோக் வாத்தியங்களுக்கு வைக்கும் ‘ஏ’ சுரத்தின் அதிர்வெண்) இருந்தது 418-ஐத் தாண்டிவிடும். ஹார்ப்சிகார்டோ சூட்டில் கம்பி தளர்ந்து கீழே இறங்கும். அதனால்தான் இடைவேளையில் அதை ஆர்கனுக்குச் சேர்த்து மறுபடி சுருதி கூட்ட வேண்டும்.

எதிரொலியும் மாறும். ஆட்களும் அவர்களின் உடையும் ஒலியை உறிஞ்சுவதால் காலி அரங்கின் வால் நீளமாகவும், நிறைந்த அரங்கின் வால் குட்டையாகவும் இருக்கும். கோரஸ் நடுவில் ஒட்டினால் தெரியாமல் போகலாம், முடிவுச் சுரத்தில் ஒட்டினால் காது பிடித்துவிடும்.

ஆகவே பழுது பார்க்கும் பதிவை நிகழ்ச்சி முடிந்ததும், சூடு ஆறுவதற்குள் எடுங்கள். அதற்காக முப்பது நாற்பது நிமிட நேரத்தை வாசிப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். எந்தப் பாடலில் எந்தப் பார் (தாளத்தின் ஒரு சுற்று) பழுது என்று ஸ்கோரில் (இசைக்குறிப்புப் புத்தகத்தில்) பென்சிலால் குறிக்க நிகழ்ச்சி முழுவதும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 40-ஆம் பாரில் பிழை என்றால் 37-இலிருந்து தொடங்கி 43 வரை பாடுங்கள். நேராக 40-இல் தொடங்கினால் முந்தைய சுரத்தின் எதிரொலி அந்தப் பதிவில் இருக்காது. எவ்வளவு நுட்பமாக ஒட்டினாலும் அந்த இடத்தில் அரங்கு ஒரு கணம் காணாமல் போகும். வெட்டு அடுத்த சுரம் எழும் இடத்தில், மெய்யெழுத்துக்குச் சற்று முன்னால் விழட்டும்.

‘ஹீ வாஸ் டிஸ்பைஸ்டு’ ஆரியாவில் (தனிப்பாடலில்) முதல் பகுதி திரும்ப வருகிறதே என்று முதலில் பாடியதைப் பிரதியெடுத்து இரண்டாவது இடத்தில் ஒட்டுவதும் உண்டு. வேண்டாம். திரும்ப வரும்போது பாடகர் போட்ட நகாசுக்காகத்தான் அந்தத் திருப்பமே இருக்கிறது.

கேள்வி: ‘ஹல்லெலூயா’ தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்களே, பதிவுக்கு என்ன செய்வது?

பதில்: ஆர்க்கெஸ்ட்ரா மூன்று பார் வாசித்த பிறகு நான்காவதில்தான் குழு நுழைகிறது. எழும் சத்தம் துல்லியமாக அந்த மூன்று பாரில் விழும்: பெஞ்சு முனகும், கைப்பை விழும், புத்தகம் சரியும். முந்தைய டெனர் (உயர்ந்த ஆண் குரல்) ஆரியா முடிந்ததும் நடத்துநர் கையைத் தாழ்த்தியே வைத்து ஐந்தாறு விநாடி பொறுத்தால், எழுபவர்கள் எழுந்துவிடுவார்கள். அதற்கும் மேல் பாதுகாப்புக்கு, அந்தத் தொடக்கத்தைக் குழுவின் நுழைவோடு சேர்த்துப் பழுதுப் பதிவில் எடுத்துவையுங்கள்.

இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றதால் வந்த வழக்கம் என்பார்கள். லண்டனில் முதலில் நடந்தது 1743-இல். மன்னர் கதை எழுத்தில் தலைகாட்டுவது 1780-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில். ஆகவே உட்கார்ந்தே கேளுங்கள் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டாலும் சரித்திரத்துக்குக் குற்றமில்லை. ஆனால் யார் கேட்கப் போகிறார்கள்!

இதைவிட ஆபத்தானது கடைசி ‘ஹல்லெலூயா’வுக்கு முன் வரும் மௌனம். ஆவேசத்தில் ஒரு டெனர் அங்கே தனியாகக் கத்தினால் அதைத் துடைக்க வழியில்லை. பாடகர் பிரதிகளில் அந்த ஓய்வுக் குறியைச் சிவப்பில் வட்டமிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பதிவில் ‘குளோரி டு காட்’ கோரஸில் டிரம்பெட்டுகள் தொலைவில் கேட்கின்றன. கலப்பில் பிழையா? அதே பதிவு மற்றொன்றைவிட அரைச் சுரம் தாழ்ந்தும் ஒலிக்கிறது.

பதில்: இரண்டுமே வேண்டுமென்றே செய்தவை. டிரம்பெட்டுகள் அந்த இடத்தில்தான் முதன்முறையாக வருகின்றன. ‘தொலைவிலிருந்து, சற்று மெல்ல’ என்று ஹாண்டெலே இத்தாலிய மொழியில் குறித்திருக்கிறார். அங்கே பாடுவது வானத்துச் சேனை அல்லவா. தாழ்ந்த சுருதி, பரோக் வாத்தியங்களுக்கு இன்று பொதுவாக வைக்கும் 415 ஹெர்ட்ஸ். அது நம் காலத்து ஏற்பாடு. ஹாண்டெலுடையதாகக் கருதப்படும் இசைக்கவை (சுருதி பார்க்கும் உலோகக் கவை) 422.5-ல் ஒலிக்கிறது.

கேள்வி: இரண்டு சி.டி.யில் எங்கே பிரிக்கலாம்?

பதில்: மொத்தம் ஏறக்குறைய 140 நிமிடம், முதல் பாகம் மட்டும் தனிச் சி.டி. என்றால் மீதி இரண்டு பாகமும் ஒன்றில் அடங்காது. ‘ஆல் வீ லைக் ஷீப்’ முடிவில் பிரியுங்கள். குதூகலமாகத் தொடங்கும் அந்தக் கோரஸ் கடைசியில் எஃப் மைனர் என்ற சோகமான சுரவரிசையில் இறங்கிக் கனத்து நிற்கும். அங்கே எழுந்து வட்டு மாற்றுவது உறுத்தாது. முதல் வட்டு 75 நிமிடத்தைத் தொடும், உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். அதற்கு முந்தைய கோரஸ் இடைவெளியின்றி இதில் வந்து சேர்வதால் அங்கே வெட்டக் கூடாது.

பாடல்களுக்கு நடுவே முழு மௌனத்தைச் செருகாதீர்கள், பதிவு நின்றுவிட்டதோ என்று கேட்பவர் நினைப்பார். அரங்கு நிறைந்திருக்கும்போது, நடத்துநர் மேடையேறும் முன், யாரும் கைதட்டாத அரை நிமிடத்தைப் பதிந்து வைத்திருந்தால் அந்த மூச்சையே இடைவெளிகளில் நிரப்பலாம்.