மதியம் ஒரு மணிக்கு ஃபோர்ட்டில் பீட்சா வாங்கப் போன தம்பிக்கு

தென்காசிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து மூன்று வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஃபோர்ட் ஏரியாவில் என் ஆபீஸ் பக்கத்தில் பீட்சாவைத் துண்டு துண்டாக விற்கும் கடை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை மதியம் போனேன். அடுப்புப் பக்கம் 20 நிமிஷம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் உள்ளே இருந்தவர் 'போலோ, போலோ, ஜல்தி' (சொல்லு, சீக்கிரம்) என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பதறிப்போய்க் கண்ணாடிப் பெட்டியில் எதையோ காட்டினேன். அதைச் சூடாக்கி வைத்துவிட்டு, காசை அங்கே கட்டு என்று கை காட்டினார். கட்டிவிட்டு வந்து பார்த்தால் கோழி போட்ட துண்டு. புரட்டாசி சனி வேறு. வாசலில் நின்ற ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுப் பட்டினியாகத் திரும்பினேன். நான் மதராசி என்பதால்தான் இப்படி நடத்துகிறார்களா? இந்த ஊர் எனக்குச் சரிப்படுமா?"

தம்பி, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஊரில் கடைக்குப் போனால் "வாங்க, உட்காருங்க" என்ற குரலைக் கேட்டுப் பழகியவனுக்கு இந்தக் கவுண்டர் முதல் தடவை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இங்கே வந்தது 1997-ல். வந்த முதல் வாரத்தில் நானும் ஒரு கவுண்டர் முன்னால் கண் கலங்கி நின்றிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

"காசை அங்கே கட்டு என்று கை காட்டினார்" என்று எழுதியிருக்கிறீர்களே, நடந்ததற்கு விடை அந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் நின்றது வாங்கும் கூட்டத்தில். பில் போடும் வரிசை வேறு. இந்த மாதிரிக் கடைகளில் பெரும்பாலும் முதலில் காசு கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு அடுப்புப் பக்கம் வந்து அந்தச் சீட்டை நீட்ட வேண்டும். அடுப்பில் நிற்பவர் ஆளைப் பார்ப்பதில்லை, நீட்டிய சீட்டைப் பார்க்கிறார். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சீட்டோடு வந்திருக்கிறார்கள். நீங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் 20 நிமிஷம் நின்றிருக்கிறீர்கள். அவர் கணக்குப்படி நீங்கள் இன்னும் கடைக்குள்ளேயே வரவில்லை. கடைசியில் "போலோ" என்று அவர் கேட்டது, இந்த ஆள் ஏன் இவ்வளவு நேரம் இங்கேயே நிற்கிறார் என்று பார்த்துத்தான். அதட்டலாகக் கேட்டிருக்கலாம். அவமானப்படுத்த வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்.

இதை யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை. தினமும் வருகிறவர்களுக்குத் தெரியும், புதிதாக வருகிறவர் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதில் எனக்குக் கோபம் உண்டு. "முதலில் பில்" என்று ஒரு சின்ன அட்டை தொங்கவிட என்ன செலவாகும்?

பின்னால் வந்தவருக்கு முன்னால் கிடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லைஸ் கடையில் பீட்சாவை நீங்கள் கேட்ட பிறகு புதிதாகச் சுடுவதில்லை. பெரிய வட்டமாக முன்பே சுட்டு, துண்டு போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். கேட்டதும் ஒரு துண்டை எடுத்து மறுபடி அடுப்பில் இரண்டு மூன்று நிமிஷம் வைப்பார்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பாகும், மேலே சீஸ் இளகும். ஆகவே பெட்டியில் இருப்பதைக் கேட்டவர் உடனே நகர்ந்துவிடுவார். பெட்டியில் தீர்ந்துபோனதைக் கேட்டவர் அடுத்த முழு வட்டம் வெந்து வரும்வரை நிற்க வேண்டும். வரிசை தப்பிவிட்டது போலத் தோன்றும், உண்மையில் தப்பியிருக்காது. நான் பெட்டியைப் பார்த்ததும் "அபி க்யா நிக்லா?" என்று கேட்பேன். இப்போது அடுப்பிலிருந்து எது வந்தது என்று அர்த்தம். எது புதிதோ அதை வாங்கிக்கொள்வேன். கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் அதுதான் நன்றாக இருக்கும், சீக்கிரமும் கிடைக்கும்.

இந்த ஸ்லைஸ் பழக்கம் நியூயார்க்கிலிருந்து வந்தது. அங்கே வழக்கமான அளவு 18 அங்குல வட்டம், அதை எட்டாக வெட்டுவார்கள். நின்றபடியே நீளவாக்கில் மடித்துச் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஒரு துண்டின் விலையும் சுரங்க ரயில் கட்டணமும் ஒன்றாகவே ஏறுகின்றன என்று 1980-லேயே அங்கே எழுதியிருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வடா பாவ், அதாவது பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை வைத்துத் தருவதுதான் ஞாபகம் வந்தது. 1966-ல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் தொடங்கியது என்று இங்கே சொல்வார்கள். அதுவும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்காகப் பிறந்த சாப்பாடு. உட்கார நேரம் இல்லாதவன் ஒரு கையில் பிடித்துச் சாப்பிடுவது. பெயரும் விலையும் வேறு என்றாலும் பீட்சா ஸ்லைஸும் வடா பாவும் ஒரே சாதி. அங்கே வேலை செய்கிறவர்கள் பேசுகிற விதமும் ஒன்றுதான். லோக்கல் ரயில் பல ஸ்டேஷன்களில் அரை நிமிஷம்கூட நிற்காது. அதில் ஏறி இறங்கிப் பழகியவர்கள் கடையிலும் அதே வேகத்தில்தான் பேசுகிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். வந்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஸ்டேஷன் வாசலில் ஒரு வண்டிக் கடை. எனக்குத் தெரிந்த இந்தி பத்து வார்த்தை. "தோ" என்றால் கொடு என்று படித்திருந்தேன். "வடா பாவ் தோ" என்றேன். அவர் இரண்டைக் கட்டிக் கையில் திணித்தார். "தோ" என்றால் இரண்டு என்றும் அர்த்தம், அது எனக்கு ஓடவில்லை. ஒன்று போதும் என்று சொல்ல வார்த்தை வரவில்லை. பின்னால் நின்றவர்கள் "ஆகே சலோ, ஆகே சலோ" என்று தள்ளுகிறார்கள். கையில் இருந்த சில்லறையில் பஸ்ஸுக்கு வைத்திருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். அன்றைக்கு ரூமுக்கு நடந்தே போனேன். வழி நெடுக, இந்த ஊர் என்னை ஏமாற்றிவிட்டது என்றே நினைத்தேன். ஆபீசில் மதுரைக்கார அக்கா ஒருவர் இருந்தார். மறுநாள் அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "'ஏக் தேனா' என்று சொல்லு. எத்தனை என்பது முதலில் வர வேண்டும்" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷமாக அப்படித்தான் கேட்கிறேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கவுண்டருக்கு வருவதற்கு முன்பே முழு வாக்கியத்தையும் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை, எது, சூடாகவா, இங்கேயா பார்சலா: "ஏக் வெஜ், கரம் கர்கே, பார்சல்." இது போதும். "எக்ஸ்கியூஸ் மீ, வில் யூ ப்ளீஸ்" எல்லாம் அந்த இரைச்சலில் காதில் விழாது. குரல் கொஞ்சம் உரக்க இருக்கட்டும். ஊரில் பெரியவர்கள் முன்னால் உரக்கப் பேசாதே என்று வளர்த்திருப்பார்கள், என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். இங்கே மெதுவாகப் பேசினால் அடுப்பில் நிற்பவர் இரண்டு தடவை கேட்க வேண்டும், பின்னால் இருக்கும் 15 பேரும் காத்திருக்க வேண்டும். தயாராகப் போய்ப் பளிச்சென்று சொல்வதுதான் இந்த ஊர் மரியாதை. அப்புறம், கூப்பிடுவதற்கு "பையா" போதும், இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். மராத்தி பேசுகிறவர் என்றால் "தாதா" என்று கூப்பிடலாம். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு ரவுடி என்று அர்த்தம், மராத்தியில் அண்ணன். நான் முதலில் பயந்துகொண்டேதான் சொன்னேன், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

காசு கொடுப்பதில் இப்போது பெரிய கஷ்டம் இல்லை. முன்பெல்லாம் "சுட்டா நஹி" (சில்லறை இல்லை) என்ற ஒரு சொல்லுக்கே பாதி நேரம் போகும். மீதிக்குச் சாக்லேட் தருவார்கள். 2016-க்குப் பிறகு யுபிஐ வந்து அதை மாற்றிவிட்டது. வரிசையில் நிற்கும்போதே போனைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட்டின் பழைய கல் கட்டிடங்களுக்குள் எனக்குச் சில சமயம் சிக்னல் கிடைப்பதில்லை, அதற்காகச் சட்டைப் பையில் கொஞ்சம் நோட்டு எப்போதும் இருக்கும்.

இப்போது அந்தக் கோழித் துண்டு விஷயம். இதில் தவறு அவர் பக்கமும் உண்டு. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் பேசாமல் வந்தது சரியில்லை, தம்பி. அந்த இடத்திலேயே, கடிக்காத துண்டைக் காட்டி, "பையா, முஜே வெஜ் சாஹியே தா" (எனக்கு வெஜ்தான் வேண்டியிருந்தது) என்று சொல்லியிருந்தால் அநேகமாக மாற்றிக் கொடுத்திருப்பார்கள். பல தடவை பார்த்திருக்கிறேன். கூட்டத்தை விட்டு ஓரமாக வந்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மாற்ற மறுத்தால் மேலாளரைக் கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் 1915 என்று தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில் இல்லாமல் எதுவும் பேச முடியாது, அதனால் வாங்கிய சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விரத நாளில் விரலால் காட்டி வாங்கவே வேண்டாம். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் அதைப் பாருங்கள், பார்த்தாலும் வாயால் "வெஜ்" என்று சொல்லுங்கள். வெங்காயம் பூண்டும் கூடாது என்கிற நாள் என்றால் "ஜெயின்" என்ற ஒரே வார்த்தை போதும். மும்பையில் சமையல்காரர்களுக்கு அது அத்துப்படி. பாவ் பாஜியிலிருந்து பீட்சா வரை ஜெயின் வகை கிடைக்கும். ஒரே கத்தியால் வெட்டுவார்களோ என்று மனசு உறுத்தினால் சைவம் மட்டும் விற்கிற கடைக்குப் போய்விடுங்கள். அந்த விஷயத்தில் இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

மதராசி என்பதாலா என்று கேட்டீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். அந்த வார்த்தை இங்கே உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். ஒரு கடைக்காரர் என் இந்தியை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கடைக்குப் பிறகு நான் போகவே இல்லை, இன்றும் அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன். அது வலிக்கும், வலிக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு நடந்தது அது இல்லை. மதிய நேரத்தில் அந்த அடுப்பு முன்னால் நிற்கிறவருக்கு நீங்கள் எந்த ஊர் என்று பார்க்க நேரமே கிடையாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் நாலு மணிக்குக் கூட்டம் இல்லாதபோது அப்படி ஒரு கடைப் பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். உத்தராகண்டிலிருந்து வந்தவன், 22 வயது இருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சின்னச் சின்னத் தீத்தழும்பு. அம்மாவிடம் பேச இரவு பதினொரு மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்குமாம். "மதியம் யார் முகமும் எனக்குத் தெரியாது, அங்கிள். மஷ்ரூம், நல்ல சூடு, மிளகாய்த் தூள் தனியாக. அப்படித்தான் உங்களைத் தெரியும்" என்றான். மூன்று வருஷமாக என்னைக் கவனிக்காதவன் என்று நான் நினைத்திருந்த பையன், நான் என்ன சாப்பிடுவேன் என்பதை மூன்று வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறான். அவனும் நம்மைப் போலப் பெட்டியோடு ரயிலேறி வந்தவன்தான். அதற்குப் பிறகு அவன் "ஜல்தி" என்று கத்தினால் எனக்குச் சுடுவதில்லை.

முடிந்தால் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டேகாலுக்கு மேல். ஒரு மணியிலிருந்து இரண்டு வரை ஃபோர்ட் முழுவதும் தெருவில்தான் நிற்கும். நின்று சாப்பிடும் பலகை முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றால் தயங்காதீர்கள். பக்கத்தில் தட்டை வையுங்கள், அவரே நகர்ந்து இடம் கொடுப்பார்.

தினமும் பீட்சா உடம்புக்கும் ஆகாது, சம்பளத்துக்கும் ஆகாது. இந்த ஞாயிறு காலை ஏழரைக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் கிழக்குப் பக்கம் வந்துவிடுங்கள். 1939-லிருந்து நடக்கும் ராம் ஆஷ்ரயா ஹோட்டல் அங்கேதான் இருக்கிறது. அங்கேயும் கூட்டம்தான். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைப்பார்கள், சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். ஆனால் தட்டில் வருவது இட்லி. பைனாப்பிள் ஷீராவும் சொல்லலாம். அன்றைக்கு ஆர்டர் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள், நான் பக்கத்தில் இருப்பேன்.