வேவுக்காரரின் இரண்டு பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனில் நடக்கும் ரகசியப் போலீஸ் விசாரணை பற்றி எழுதியிருந்தீர்கள். போராட்டக் குழுக்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வேறு ஆளாக வாழ்ந்த, சிலர் பெண்களோடு குடும்பமே நடத்திய போலீஸ்காரர்களை விசாரிக்கத்தான் அந்த ஆணையம். அதுவே அவர்களுடைய பெயரை வெளியிடக் கூடாது என்று உத்தரவும் போடுகிறது. கேட்டால் ‘ஹெச்.என். 297’ என்று ஓர் எண்ணை நீட்டுகிறது. இது என்ன பொது விசாரணை? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

சரவணன், கரூர்

அன்புள்ள சரவணன்,

‘பெயர்’ என்று ஒருமையில் எழுதிவிட்டீர்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் பெயர் இரண்டு. பிறந்த பெயர் ஒன்று, ஊடுருவப் போட்டுக்கொண்ட பொய்ப்பெயர் ஒன்று. இரண்டையும் தனித்தனியே எடைபோட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். வெளியில் எல்லோரும் கேட்பது சொந்தப் பெயரை. பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் தேவைப்படுவதோ பொய்ப்பெயர். தன்னோடு பழகியவர் போலீஸ் என்பதே தெரியாதவர் எப்படி வந்து புகார் சொல்வார்?

நீங்கள் சொன்ன 297-ஐயே எடுத்துக்கொள்வோம். 1970களின் நடுவில், அயர்லாந்திலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் வெளியேற வேண்டும் என்று போராடிய இயக்கத்துக்குள் ‘ரிக் கிப்சன்’ என்று நுழைந்தவர் அவர். அது இறந்துபோன ஒரு குழந்தையின் பெயர். அப்படிப் பெயர் எடுப்பது இவர்களை அனுப்பிய போலீஸ் பிரிவில் வழக்கமாகவே இருந்தது. சந்தேகப்பட்ட தோழர்கள் அந்தப் பெயருக்குரிய பிறப்புச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் தேடியெடுத்து அவர் முன்னால் வைத்தார்கள். ஆள் மறைந்துவிட்டார். 2017 ஆகஸ்டில் ஆணையம் பொய்ப்பெயரை மட்டும் வெளியிட்டது. பெயர் வந்ததும் பழையவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். தனக்கு அவரோடு உறவு இருந்தது என்று ‘மேரி’ என்ற மாற்றுப்பெயரில் ஒரு பெண் முன்வந்தார். அதன் பிறகே ரிச்சர்ட் கிளார்க் என்ற சொந்தப் பெயர் வெளியே வந்தது. அதற்குள் அவர் காலமாகிவிட்டிருந்தார்.

முடிவெடுக்கும் முறைக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டின் விசாரணைகள் சட்டம், 19ஆம் பிரிவு. மறைப்பதால் மக்களின் கவலை தீராமல் போகுமா, மறைக்காவிட்டால் யாருக்கு என்ன தீங்கு வரும், விசாரணை இழுபடுமா, செலவு கூடுமா என்பதையெல்லாம் ஆணையத் தலைவர் பார்க்க வேண்டும். அதிகாரி தரப்பு விண்ணப்பத்தோடு ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை, தேவைப்பட்டால் மருத்துவ அறிக்கை, சொந்த வாக்குமூலம் எல்லாம் வைக்கும். முழுப் பிரதி தலைவருக்கு. மற்றவர்களுக்கு ரகசியப் பகுதிகளைக் கறுப்புக்கோடு போட்டு மறைத்த பிரதி. தலைவர் ‘இப்படி முடிவெடுக்க எண்ணியிருக்கிறேன்’ என்று முன்குறிப்பு வெளியிடுவார். ஆட்சேபம் வரும், விவாதம் நடக்கும், பிறகு தீர்ப்பு. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 14 நாள்தான் அவகாசம். ஆணையிலேயே காலவரம்பு சொல்லாவிட்டால், விசாரணை முடிந்த பிறகும் தடை தொடரும்.

இந்த ஏற்பாட்டில் கோளாறு கறுப்புக்கோட்டில்தான். பெயரை மறைக்கச் சொல்லும் காரணமே அதற்கடியில் இருக்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எதை மறுத்து வாதிடுவார்? இருட்டறையில் கம்பு சுற்றுவதுதான். 2018 பிப்ரவரியில் தலைவர் ஜான் மிட்டிங், இளவயதில் மணந்த மனைவியோடே கடைசிவரை வாழ்கிறவர் வேறு உறவு வைத்திருக்க வாய்ப்புக் குறைவு என்ற பொருளில் பேசினார். பெயரை மறைப்பதற்கு இப்படியும் ஓர் அளவுகோல்! மார்ச் 21 அன்று பாதிக்கப்பட்டோர் தரப்பு மூத்த வழக்கறிஞர் பிலிப்பா காஃப்மன் எழுந்து வெளியேறினார். அவர் யாருக்காக வாதாடினாரோ அவர்களும் பின்னாலேயே போனார்கள்.

போலீஸ் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஊடுருவும்போது பலர் தங்கள் முதற்பெயரை மாற்றிக்கொள்வதில்லை, கூப்பிட்டால் சட்டெனத் திரும்ப வேண்டுமே. மார்க் கென்னடி ‘மார்க் ஸ்டோன்’ ஆனார், பாப் லாம்பெர்ட் ‘பாப் ராபின்சன்’ ஆனார். பொய்ப்பெயர், பணியாற்றிய ஆண்டுகள், ஒரு பழைய படம் மூன்றையும் சேர்த்தால் சொந்தப் பெயர் கிடைத்துவிடலாம். ஆனால் உயிராபத்து என்று வாதிட வேண்டுமானால் அதற்கு ஓர் உயரமான படி உண்டு. வட அயர்லாந்தில் கும்பல் அடித்துக் கொன்ற ராபர்ட் ஹாமில் பற்றிய விசாரணையில் சாட்சி சொல்லவிருந்த போலீஸ்காரர்கள் பெயர் மறைப்புக் கேட்ட வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2007இல் அதை வரையறுத்தது. ஆபத்து உண்மையானதாக, உடனடியானதாக இருக்க வேண்டும். பெயரோடு சாட்சி சொல்வதால் அது கணிசமாகக் கூட வேண்டும். வெறும் பயத்தை முழுக்கத் தள்ளவும் இல்லை. சாட்சியை நியாயமாக நடத்தும் கடமையின் கீழ் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. வயதான அதிகாரிகள் பலர் அந்தப் படியை எட்டுவதில்லை. அவர்களுக்குக் கைகொடுப்பது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு: தனிவாழ்க்கை, குடும்ப வாழ்க்கை. பேரன் பேத்தியோடு இருப்பவரின் சொந்தப் பெயரை மறைக்க அது போதும் என்றே நினைக்கிறேன். பொய்ப்பெயரை மறைக்கப் போதாது.

பொய்ப்பெயரை வெளியிட்டாலும் வேலை முடிவதில்லை. நாற்பது ஆண்டுக்கு முன் கூட்டத்துக்கு வந்துபோன ‘டேவ்’ எந்த டேவ்? அந்தக் குழுக்களில் குடும்பப்பெயரை யார் கேட்டார்கள்? அதனால்தான் பாதிக்கப்பட்டோர் பொய்ப்பெயரோடு அந்தக் காலத்துப் படத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். இன்றைய முகம் அவர்களுக்கு வேண்டாம்.

அன்புடன்.