காலி செய்த தொட்டி பத்தே நாளில் நிரம்புமா?

வீட்டுக் குழாய்ச் சந்தேகங்களுக்கு ஒரு பிளம்பரின் பதில்கள்

கேள்வி: கீழ்த்தளக் குளியலறையில் தண்ணீர் இறங்க நெடுநேரம் ஆகிறது. கழிவறையில் ஃப்ளஷ் செய்தால் குளியலறைத் தரைத்துளையில் ‘களக் களக்’ என்று சத்தம் வருகிறது. மழை நாளில் இன்னும் மோசம். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்று வண்டி வைத்துக் காலி செய்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தது. அப்புறம் பழைய கதைதான். மறுபடி காலி செய்யச் சொல்கிறார் வண்டிக்காரர். வீட்டிலிருந்து தொட்டி வரை பைப்பை மாற்றச் சொல்கிறார் பிளம்பர். தொட்டி 4,000 லிட்டர். வீட்டில் நான்கு பேர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நிறுத்தி வையுங்கள். அவரவர் கையில் இருப்பதை அவரவர் மருந்தாகச் சொல்கிறார்கள். என் தொழில்காரர்களைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நோய் என்னவென்று உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. ஒருவர் நாளுக்கு 100 லிட்டர் செலவழிப்பதாக வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு 400 லிட்டர். 4,000 லிட்டர் தொட்டி நிரம்பப் பத்து நாள். அதற்கு மேல் தண்ணீர் ஏறி, உள்ளே வரும் குழாயை மூடி, வீட்டுப் பக்கம் தேங்க ஓரிரு நாள். அதாவது, காலி செய்ததில் எதுவும் சரியாகவில்லை. வெளியே போக வழியில்லாத தண்ணீருக்குப் பத்து நாள் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதிலேயே பிளம்பருக்கும் பதில் இருக்கிறது. வீட்டிலிருந்து தொட்டிக்கு வரும் பைப்பில் அடைப்பு இருந்தால், தொட்டியைக் காலி செய்த அன்றும் குளியலறையில் தண்ணீர் தேங்கி நின்றிருக்கும். உள்ளே வரும் குழாயின் வாயைத் தண்ணீர் மேல் மிதக்கும் பிசுக்கு ஏடு மூடியிருந்தால் காலி செய்ததும் திறந்துகொள்ளும், உண்மைதான். ஆனால் பத்து நாளில் மறுபடி மூடும் அளவுக்கு ஏடு கட்டாது. ஆகவே பைப்பை மாற்ற வேண்டாம். கோளாறு தொட்டிக்கு அந்தப் பக்கம்.

‘டேங்க் நிரம்பிவிட்டது’ என்ற பேச்சே பாதிப் பேரை வழி தவற வைக்கிறது. நன்றாக வேலை செய்யும் செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். வெளியேறும் குழாயின் மட்டத்தில் தண்ணீர் நிற்கும். உள்ளே ஒரு வாளி வந்தால் வெளியே ஒரு வாளி போகும். நாம் காலி செய்வது தண்ணீருக்காக அல்ல. அடியில் படியும் கசடுக்காகவும் மேலே மிதக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்காகவும். இரண்டும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் வண்டியைக் கூப்பிடலாம். நீளமான கம்பில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி அடிவரை இறக்கி மெதுவாகத் தூக்கினால், கசடு எந்த உயரம் வரை நிற்கிறதோ அதுவரை துணி கறுத்துப் போயிருக்கும்.

அடுத்த முறை தண்ணீர் தேங்கும்போது, வண்டிக்குப் போன் செய்வதற்கு முன்னால் வெளியேறும் குழாய்ப் பக்கத்து மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் அந்தக் குழாயின் அடிவிளிம்பில் நின்றால் தொட்டி ஒழுங்காக இருக்கிறது, வீட்டுப் பக்கம் தேடுங்கள். குழாயை மூழ்கடித்து நின்றால் வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது. விளிம்புக்குக் கீழே இறங்கிக் கிடந்தால், அண்மையில் காலி செய்யாத தொட்டியாக இருக்கும் பட்சத்தில், எங்கோ கசிகிறது. உங்கள் வீட்டில் இரண்டாவதுதான் இருக்கும். பந்தயம் கட்டச் சொன்னாலும் கட்டுவேன்.

மூடியைத் திறப்பதில் விளையாட்டு வேண்டாம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், குனிந்து தலையை உள்ளே விடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். உள்ளே மீத்தேன் இருக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். இரண்டாவது வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் வாயுவும் போய்விட்டது என்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்வார். என்ன விழுந்தாலும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே மயங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாவது அடிக்கடி நடக்கிறது.

சரி, மட்டம் ஏறி நிற்கிறது என்றால் அடுத்து உறிஞ்சுகுழியை, அதாவது தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழியை, பாருங்கள். குழியில் தண்ணீர் குறைவாக இருந்து தொட்டியில் ஏறி நின்றால், இரண்டுக்கும் நடுவே உள்ள பைப்பில்தான் அடைப்பு. வேர் புகுந்திருக்கும், அல்லது வாயில் ஏடு அடைத்திருக்கும். இது சின்ன வேலை. குழியும் தளும்பி நின்றால் மண் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று பொருள். குழியைத் திறக்க வழியில்லையா? வண்டி உறிஞ்சும்போது ஒருவரைத் தொட்டிப் பக்கம் நிற்கவைத்து, டார்ச் அடித்து வெளியேறும் குழாயையே பார்க்கச் சொல்லுங்கள். அதன் வழியே தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி ஓடி வந்தால் சந்தேகமே வேண்டாம், குழி நிறைந்திருக்கிறது.

மண் ஏன் குடிக்க மறுக்கிறது? மழையில் மோசமாகிறது என்கிறீர்களே, முதலில் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். வீடு கட்டும்போது வசதிக்காகப் பக்கத்துச் சேம்பரில் (கழிவுக் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட சின்னத் தொட்டியில்) சொருகிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படி இருந்தால் இன்றே பிரித்து விடுங்கள். அடுத்து ஃப்ளஷ் தொட்டி. அதில் கொஞ்சம் சாயம் கரைத்து, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் சாயம் தெரிந்தால் இரவும் பகலும் சத்தமில்லாமல் ஒழுகுகிறது என்று அர்த்தம். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர்கூடப் போகும்.

மூன்றாவது, கசடு. வெளியேறும் குழாயின் உள்முனையில் ‘டீ’ (ஆங்கில T வடிவக் குழாய்த் துண்டு) பொருத்தி, அதன் கால் மிதக்கும் ஏட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அது உடைந்து விழுந்திருந்தால் பிசுக்கும் துகளும் நேராகக் குழிக்குப் போகும். போனால் குழிச் சுவரில் கறுப்பாக ஒரு வழுவழுப்புப் படலம் பிடித்து மண்ணின் துளைகளை மூடிவிடும். வண்டி வரும் நாளில் இந்த ‘டீ’யைப் பார்க்க மறக்காதீர்கள், தொட்டி காலியாக இருக்கும்போதுதான் முழுசாகத் தெரியும்.

படலம் பிடித்த குழிக்கு ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள். அதற்கு ஓய்வுதான் வைத்தியம். இடம் இருந்தால் இரண்டாவது குழி போட்டு, நடுவில் ஒரு சேம்பர் வைத்து, ஒன்று உழைக்கும்போது மற்றது சில மாதம் காயும்படி மாற்றி மாற்றி விடுங்கள். பழைய குழியையே ஆழமாகத் தோண்டும் யோசனை, நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் பலிக்காது. மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறி வரும், குடிநீரும் கெடும்.

கேள்வி: மாதம் ஒரு பாக்கெட் பாக்டீரியா பவுடர் போட்டால் தொட்டியைக் காலி செய்யவே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: தொட்டிக்குத் தேவையான பாக்டீரியாவை வீட்டில் உள்ள எல்லோரும் தினமும் இலவசமாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பவுடர் வாங்க வேண்டியதில்லை. மக்காத மண்ணும் சாம்பலும் எந்தப் பாக்டீரியாவாலும் கரையாது. அதை வண்டிதான் எடுக்க வேண்டும். கசடைக் கரைப்பதாகச் சொல்லும் ரசாயனங்கள் இன்னும் மோசம், கலங்கிய கசடு கிளம்பிக் குழிக்குப் போய்விடும்.

கேள்வி: தண்ணீர் நன்றாகத்தான் இறங்குகிறது. ஆனால் விருந்தினர் அறைக் குளியலறையில் மட்டும் சாக்கடை நாற்றம். தொட்டியைக் காலி செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் குளியலறையை யாராவது பயன்படுத்துகிறீர்களா? தரைத்துளைக்குக் கீழே உள்ள வளைவில் நிற்கும் தண்ணீர்தான் வாயுவைத் தடுக்கிறது. புழங்காமல் கிடந்தால் அது வற்றிவிடும். இரண்டு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய பின்னும் மற்ற கழிவறையில் ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் இங்கே சத்தம் கேட்டு நாற்றம் திரும்பினால், மாடிக்குப் போய்க் காற்றுக்குழாயின் வாயைப் பாருங்கள். பறவைக் கூடு இருக்கலாம்.