வீடுகளுக்குக் கீழே இசை அரங்கம் அமைக்கலாமா?

கேள்வி: ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றைத் திட்டமிடுகிறோம். தரைத்தளத்தில் 200 பேருக்கான இசை அரங்கமும் சில பயிற்சி அறைகளும், மேலே வீடுகளும் வரும். சுவர்களில் ஃபோம் ஒட்டினால் சத்தம் மேலே போகாமல் இருக்குமா?

பதில்: அரங்கம் தாராளமாக அமைக்கலாம், ஆனால் ஃபோமை நம்பி அமைக்க முடியாது. அது அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, ஒலி வெளியேறுவதைத் தடுக்காது. அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும்தான். அவை எழுப்பும் 63 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 5 மீட்டருக்கும் அதிகம் என்பதால், சில சென்டிமீட்டர் ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. சுவரின் எடையை இரு மடங்காக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 6 டெசிபல் தடுப்பு மட்டுமே.

ஆகவே அரங்கத்தை அறைக்குள் அறையாகக் கட்டுங்கள். உள்ளறையின் தரையை ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகளின்மேல் அமைத்து, அதன் சுவர்களையும் கூரையையும் அந்தத் தரையின் மீதே நிறுத்தி, வெளிக்கட்டடத்தை எங்கும் தொடாதபடி இடைவெளி விட வேண்டும். இடைவெளியில் விழுந்து இறுகிய சிமென்ட் கலவையோ, இரண்டையும் இணைக்கும் ஒரு குழாயோ போதும், அதிர்வு மேலேறிவிடும்; வேலை நடக்கும்போது நேரில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். வாசலில் இரட்டைக் கதவுள்ள முன்னறையும், காற்றோட்டக் குழாய்களில் ஒலி அடக்கிகளும் கட்டாயம் தேவை. அரங்கத்துக்கு நேர்மேலே வீடுகளைத் தவிர்த்து, அந்தத் தளத்தை அலுவலகங்களுக்கோ கிடங்குக்கோ ஒதுக்க முடிந்தால் பாதிக் கவலை தீரும்.

அரங்கின் உள்ளே, ஒலிபெருக்கியுடன் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு எதிரொலி அடங்கும் நேரம் ஒரு விநாடிக்குள் இருப்பது நல்லது. நடுத்தர, உயர் ஒலிகளைத் திரைச்சீலைகளே ஓரளவு உள்வாங்கும். தாழ்ந்த ஒலிகளுக்கு ஆழமான உறிஞ்சு அமைப்புகள் வேண்டும் என்பதால், அவற்றுக்கான இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

முகப்புக் கண்ணாடிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இசைக்கலைஞர்களின் அன்றாட வேலைக்குத் திருப்புமாறு வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியிலிருந்து மேடைவரை படியில்லாத அகலமான பாதை, ஒளியமைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட ஒலிக்கருவி மின்சுற்று, கருவிகளைப் பூட்டிவைக்கும் அறை ஆகியவை இல்லாத அரங்கத்துக்குக் குழுக்கள் மறுமுறை வரத் தயங்கும். பயிற்சி அறைகளைச் சிறியனவாக, ஒவ்வொன்றையும் தாங்கிகளின்மேல் நிற்கும் தனித்தனி மிதக்கும் தரையுடன் அமையுங்கள். வளரும் கலைஞர்கள் வாடகை கொடுத்துத் தாங்கக்கூடியவை அத்தகைய அறைகளே. வீடு விற்கும் ஆவணத்தில் கீழே இசை அரங்கம் இயங்குவதையும் அதன் நேரத்தையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.